பெட்ரோல் பங்கில் மண், நிலத்தடி நீர் மாசு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் பங்குகளில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். துளை போடும் இயந்திரம் வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள்: பங்க் நடத்துபவர், பக்கத்து வீட்டுக்காரர், அந்த நிலத்தை வாங்க நினைப்பவர். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். மாசு வரம்புகளும் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், முடிவெடுக்கும்போது உங்கள் நாட்டு விதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பங்க்னா கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்? அதுக்குப் போய் மண்ணைத் தோண்டணுமா?

வண்டிக்கு நிரப்பும்போது தரையில் சிந்தும் பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். எனக்குக் கவலை, கண்ணில் படாமல் தரைக்கடியில் சொட்டுவதுதான். நொடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல், ஒரு வருடத்தில் 1,500 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மேலே கான்கிரீட் தளம் துடைத்துவைத்தது போலவே இருக்கும்.

2. டேங்க் ஓட்டையானாத்தானே கசியும்? வேற எங்கிருந்து வரும்?

டேங்க் ஓர் இடம் மட்டுமே. பழைய ஒற்றைச் சுவர் இரும்பு டேங்குகள் துருப்பிடித்து ஓட்டையாவது உண்மைதான். ஆனால் குழாய் இணைப்புகள், பம்புக்கு அடியில் இருக்கும் வளைவுகள், லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாய், காற்றுப்போக்கிக் குழாயின் அடிப்பகுதி, வண்டி கழுவும் இடத்து எண்ணெய் பிரிக்கும் தொட்டி, கழிவு ஆயில் தொட்டி எல்லாமே சந்தேகப்பட வேண்டிய இடங்கள்.

குழாய் எந்த வகை என்பதையும் கேட்டுவிடுவேன். டேங்குக்குள் மோட்டார் வைத்து அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ளும் அமைப்பென்றால், குழாயில் ஓட்டை விழுந்ததும் எண்ணெய் வெளியே பீச்சும். பம்ப் உறிஞ்சி இழுக்கும் அமைப்பில் ஓட்டை வழியே காற்று உள்ளே போகும். தடுப்பு வால்வு பம்பிலேயே இருந்தால், குழாயிலுள்ள எண்ணெய் டேங்குக்கே திரும்பி ஓடிவிடும். இரண்டுக்கும் கசியும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு.

3. எங்க ஸ்டாக் கணக்கு தினமும் சரியா வருது. அப்போ கசிவே இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. தினமும் 10,000 லிட்டர் விற்கும் பங்கில் அரை சதவீதம் என்றால் 50 லிட்டர். டேங்குக்குள் விட்டு மட்டம் பார்க்கும் டிப் ராடு அளவில் வரும் பிழைக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளும். வருடத்துக்கு 18,000 லிட்டர் போயிருக்கும். வெப்பநிலையும் ஏமாற்றும். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். 10,000 லிட்டர் லோடு இறங்கி 10 டிகிரி குளிர்ந்தால், ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே 100 லிட்டர் குறைந்ததாகக் காட்டும். எதிர்ப்பக்கமாக அதே அளவு விரிந்து ஒரு கசிவையே மறைக்கவும் செய்யும்.

கணக்குப் புத்தகம் எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. பல மாதக் கணக்கை வரிசையாகப் பார்த்தால் குறைவு எந்த மாதத்தில் தொடங்கியது என்று தெரியும். ஆனால் கசிவு இல்லை என்று உறுதியாகச் சொல்ல டேங்குக்கும் குழாய்க்கும் தனித்தனியாகக் கசிவுச் சோதனை நடந்திருக்க வேண்டும். அதுவும் இன்றைய நிலையைத்தான் சொல்லும். பத்து வருடம் முன்பு கசிந்து, பிறகு மாற்றிய குழாயைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

4. பெட்ரோல்ல பயப்படுற மாதிரி அப்படி என்னதான் இருக்கு?

பெட்ரோல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஆய்வில் முதலில் தேடுவது நான்கை: பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன். இவற்றில் பென்சீன்தான் மோசம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

இந்த அளவு எவ்வளவு சிறியது என்று புரிய ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10 மில்லிலிட்டர், அதாவது கிட்டத்தட்ட 8.8 கிராம். அது முழுவதும் தண்ணீரில் கரைந்தால் 8 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். நிஜத்தில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். இருந்தாலும் முதல் பதிலில் சொன்ன 1,500 லிட்டரை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

டீசலில் பென்சீன் மிகக் குறைவு. நாப்தலீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் அதில் இருக்கும். மண்ணில் மெதுவாக நகரும், நீண்ட காலம் தங்கும்.

5. எண்ணெய் தண்ணியில மிதக்கும். ஆழத்துலேர்ந்து இறைச்சா நல்ல தண்ணிதானே வரும்?

மிதப்பது உண்மை. பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்கு, டீசல் கொஞ்சம் கூடுதல். ஆனால் மிதக்கும் எண்ணெயிலிருந்து கரையக்கூடியவை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சுத்தமான பென்சீன் லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் வரை கரையும். பெட்ரோலில் அது 1 சதவீதம்தான் என்றாலும், பெட்ரோலைத் தொட்டு நிற்கும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுக்குச் சேரலாம். குடிநீர் வழிகாட்டு அளவைப்போல அது 2,000 மடங்கு. பார்க்க ஸ்படிகம் மாதிரி இருக்கும்.

ஆழமான போரில் மோட்டார் ஓடும்போது மேலே நிற்கும் தண்ணீரையும் அது கீழே இழுக்கும். போரின் மேல்பகுதியில் உறைக்குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தால், அந்த இடுக்கே மாசுக்கு வழியாகிவிடும்.

6. எங்க கிணத்துத் தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்குது. இன்னைக்கே என்ன செய்யணும்?

குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்துங்கள். கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரிலிருந்து பிரிந்து நீங்கள் சுவாசிக்கும் காற்றில்தான் கலக்கும். அந்தத் தண்ணீரில் சுடுநீர்க் குளியலும் வேண்டாம். கிணற்றை எட்டிப் பார்க்கும்போது கையில் சிகரெட்டோ விளக்கோ இருக்கக்கூடாது, உள்ளே இறங்கவே கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாடை முதலில் தெரிந்த தேதியைக் குறித்து வையுங்கள். பிறகு அந்தத் தேதி எங்களுக்கு மிகவும் உதவும்.

வாடை இல்லையென்றால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பென்சீனை மனித மூக்கு உணரும் அளவு, குடிநீர் வழிகாட்டு அளவைவிடப் பல மடங்கு அதிகம். பக்கத்துக் கிணற்றில் வாடை வந்திருந்தால், வாடை வராத உங்கள் கிணற்றையும் சோதியுங்கள்.

7. மெஷினைக் கொண்டுவந்து நாலு இடத்துல துளை போட்டா தெரிஞ்சிடாதா? முதல்ல ஏன் காகிதத்தையே பார்த்துட்டு இருக்கீங்க?

துளையின் விட்டம் ஒரு சாண்கூட இருக்காது. எங்கே போடுவது என்று தெரியாமல் போட்டால் கசிவுக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு எல்லாம் சுத்தம் என்று எழுதிவிட்டு வர நேரும். இப்போதைய பம்புகள் நிற்கும் இடத்தில்தான் முப்பது வருடம் முன்பும் நின்றனவா, பழைய டேங்க் எங்கே புதைந்திருந்தது, எப்போது மாற்றினார்கள், எந்தக் குழாய் எப்போது பழுதானது என்பதெல்லாம் பழைய வரைபடத்திலும் பழுதுபார்ப்புப் பதிவிலும் இருக்கும். அதைவிட அதிகம் நீண்ட நாள் வேலை செய்தவர் நினைவில் இருக்கும். காகிதத்தில் இல்லாத டேங்கை ஒரு பழைய ஊழியர் கைநீட்டிக் காட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அந்த மூலையில்தான் அதிக மாசு கிடைத்தது.

இவற்றை வைத்து ஒரு படம் வரைவோம்: மாசு எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, யாரைச் சென்று சேரும். சேரும் இடம் ஒரு குடிநீர்க் கிணறாகவோ, பக்கத்து வீட்டு அடித்தளமாகவோ, ஓடையாகவோ இருக்கலாம். ஒவ்வொரு துளையும் இந்தப் படத்தில் உள்ள ஒரு சந்தேகத்தைத் தீர்க்கவே போடப்படும். எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க என்று ஆய்வாளரால் சொல்ல முடியாவிட்டால், அந்தத் துளை தேவையில்லை.

8. சரி, மொத்தம் எத்தனை துளைதான் போடணும்?

எண்ணை முதலிலேயே சொல்ல முடியாது. டேங்க் குழியின் ஓரங்கள், குழாய்ப் பாதை, பம்புகள் நிற்கும் மேடைகள், எண்ணெய் இறக்கும் வாய் ஆகிய இடங்களுக்கு மண் துளைகள் வேண்டும். நீருக்குக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் (மட்டம் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் இறக்கும் மெல்லிய குழாய்கள்) வேண்டும். ஏன் மூன்று என்பதை 12-வது கேள்வியில் பாருங்கள். முதல் சுற்றில் மாசு கிடைத்தால், அது எங்கே முடிகிறது என்று காட்ட இரண்டாவது சுற்று வரும். வெளி எல்லை தெரியும்வரை ஆய்வு முடிந்ததாகச் சொல்ல முடியாது, அது உங்கள் மதில் சுவரைத் தாண்டிப் போயிருந்தாலும்.

9. டேங்குக்குப் பக்கத்துலயே துளை போடுறீங்களே, தீப்பிடிச்சா?

நியாயமான பயம். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம்வரை இருந்தால் ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, பள்ளத்தில் தங்கிவிடும். அதனால் எரியும் ஆவியை அளக்கும் கருவி எப்போதும் துளையின் வாயில் ஓடிக்கொண்டிருக்கும். கீழ் வரம்பில் பத்தில் ஒரு பங்கு காட்டினாலே வேலையை நிறுத்திவிடுவோம்.

மண்ணுக்குள் இருக்கும் மின்கம்பிகளையும் எண்ணெய்க் குழாய்களையும் முதலில் கருவியால் தேடிக் குறிக்க வேண்டும். அதன் பிறகும் முதல் ஒன்றரை மீட்டரைக் கையாலோ, மண்ணை உறிஞ்சும் கருவியாலோதான் தோண்டுவோம். மாசைத் தேடப் போய்க் குழாயைக் குத்தி, ஆய்வே புதுக் கசிவை உண்டாக்குவது நடக்கக்கூடாது. அவசரப்படுத்தும் உரிமையாளரிடம் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

10. வாடை அடிக்கிற மண்ணை ஒரு பிளாஸ்டிக் கவர்ல கட்டி அனுப்பினா போதாதா?

கவரில் கட்டிய மண் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் நாம் தேடும் பொருள் பறந்திருக்கும். முடிவு நல்லதாக வரும், ஆனால் பொய்யாக வரும். மண்ணை எடுத்த சில நொடிகளில், கிளறாமல், கண்ணாடிக் குப்பியில் காற்றிடமே இல்லாமல் அடைக்க வேண்டும். அல்லது அளந்த மண்ணை நேராக மெத்தனாலில் போட வேண்டும். பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி அளவில் வைத்து, குறித்த நாட்களுக்குள் சேர்க்க வேண்டும்.

கவருக்கும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு ஆழத்து மண்ணிலும் கொஞ்சத்தை மூடும் கவரில் போட்டு, சில நிமிடம் கழித்து உள்ளே சேர்ந்த ஆவியை பி.ஐ.டி. என்ற கைக்கருவியால் அளப்போம். எந்த ஆழத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று அந்த எண் வழிகாட்டும். பொதுவாக அதிகம் காட்டிய ஆழத்தில் ஒன்று, நீர்மட்டத்தை ஒட்டி ஒன்று, மாசு முடிந்துவிட்டது என்று காட்ட அதற்கும் கீழே ஒன்று. பி.ஐ.டி. எண்ணையே மாசின் அளவு என்று அறிக்கையில் எழுதினால் நம்பாதீர்கள். எந்தப் பொருள் என்று அது பிரித்துச் சொல்லாது, ஈரப்பதம் அதைக் குழப்பும், மீத்தேன் அதற்குத் தெரியவே தெரியாது.

11. பங்க்லயே போர் இருக்கே. அதுலயே தண்ணி எடுத்துக்கலாமே, எதுக்குத் தனியா கிணறு?

அந்த போரிலும் மாதிரி எடுப்போம், அதைக் குடிக்கிறவர்களுக்காக. ஆனால் மாசு இருக்கிறதா என்று அறிய அது சரியான கருவி அல்ல. ஆழமான போர் பல அடுக்குத் தண்ணீரைக் கலந்து கொடுக்கும். மேலடுக்கில் இருக்கும் மாசு அதில் நீர்த்துப்போகும். மிதக்கும் எண்ணெய் அதற்குள் வரவே வழியிருக்காது.

கண்காணிப்புக் கிணறு பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய். துண்டுகளை மரை போட்டு இணைப்போம். பசை தடவினால் அதிலுள்ள கரைப்பானே தண்ணீரில் மாசாகத் தெரியும். மெல்லிய வெட்டுகள் உள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக நிற்க வேண்டும். அப்போதுதான் மழைக்கும் கோடைக்கும் மட்டம் ஏறி இறங்கினாலும் மிதக்கும் எண்ணெய் உள்ளே வரும். வெட்டுப் பகுதி முழுவதும் தண்ணீருக்கடியில் மூழ்கியிருக்கும் கிணற்றில் எண்ணெய் இல்லை என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிணற்றுக்குள் எண்ணெய் வர வாசலே இல்லை! குழாயைச் சுற்றிச் சல்லடை மணல், அதற்கு மேல் தண்ணீர் பட்டால் ஊதி அடைக்கும் பென்டோனைட் களிமண், அதற்கும் மேல் சிமெண்ட், பூட்டும் மூடி.

12. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு மண்ணுக்குள்ள எப்படித் தெரியும்?

மூன்று கிணறுகளின் வாய்களையும் ஒரே அடிமட்டத்திலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, ஒரே நாளில் நீர்மட்டங்களை எடுத்தால், மூன்று புள்ளிகள் சேர்ந்து சாய்ந்த ஒரு பலகையைப்போல அமையும். பலகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். இரண்டு கிணறுகள் இருந்தால் கோடுதான் கிடைக்கும், சாய்வு கிடைக்காது. மூன்றும் நேர்கோட்டில் நின்றாலும் பயனில்லை. மேலே தரை சாயும் திசையை வைத்து ஊகிப்பது பல இடங்களில் சரியாக இருக்கும், சில இடங்களில் தவறாகிவிடும். பக்கத்தில் இரவுபகலாக இறைக்கும் போர் இருந்தால் ஓட்டம் அதை நோக்கித் திரும்பிவிடும்.

வேகத்தையும் கணக்கிடலாம். நீர்க்கடத்தல் திறன் நாளுக்கு 10 மீட்டர் உள்ள மணல், ஆயிரம் மீட்டருக்கு 5 மீட்டர் சாய்வு, மணலில் கால் பங்கு இடைவெளி என்றால் தண்ணீர் நாளுக்கு 20 சென்டிமீட்டர், வருடத்துக்குச் சுமார் 73 மீட்டர் போகும். கெட்டிக் களிமண்ணில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்கூடப் போகாது. பாறை நிலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. விரிசல் போகும் திசையில் தண்ணீர் போகும், எதிர்பாராத கிணற்றில் தலைகாட்டும்.

13. கண்காணிப்புக் கிணத்துல 40 சென்டிமீட்டர் எண்ணெய் நிக்குது. அப்போ நிலம் முழுக்க அடியில 40 சென்டிமீட்டர் எண்ணெய் ஏரி இருக்கா?

இல்லை. மண்ணில் எண்ணெய் ஏரியாக நிற்பதில்லை. மணலுக்கு இடையில் தண்ணீரோடும் காற்றோடும் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு இருக்கும். கிணறு வெறும் குழாய் என்பதால் எண்ணெய் அதற்குள் வடிந்து தடிமனாகத் தெரியும். நுண்ணிய மண்ணில் இந்த மிகைத்தோற்றம் இன்னும் கூடும். அதனால் 40 சென்டிமீட்டரைப் பங்கின் பரப்பளவால் பெருக்கி இத்தனை ஆயிரம் லிட்டர் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எண்ணெயை இறைத்துவிட்டு எவ்வளவு வேகத்தில் திரும்ப ஊறுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

இன்னொரு திருத்தமும் உண்டு. அந்த எண்ணெயின் எடை தண்ணீரைக் கீழே அழுத்தியிருக்கும். அடர்த்தி 0.75 என்றால் 40 சென்டிமீட்டர் பெட்ரோல் தண்ணீரை 30 சென்டிமீட்டர் தாழ்த்தும். இதைச் சேர்க்காமல் 12-வது பதிலில் சொன்ன சாய்வைக் கணக்கிட்டால் ஓட்டத்தின் திசையே மாறிப்போகும்.

14. தண்ணி மாதிரி எடுக்க ஒரு மணி நேரமா? வாளியை விட்டு மொண்டா ஆகாதா?

குழாய்க்குள் பல நாள் தேங்கிய தண்ணீர் காற்றோடு பழகி, ஆவியாக வேண்டியது ஆவியாகிவிட்டது. மண்ணிலிருந்து புதிதாக வரும் தண்ணீர்தான் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் என்ற மெதுவான வேகத்தில், மட்டம் அதிகம் இறங்காமல் இறைப்போம். கார அமிலத் தன்மை, மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் அடுத்தடுத்த அளவீடுகளில் மாறாமல் நின்றால் பிடிக்கலாம். வாளியை விட்டுக் கலக்கினால் சேறும் எழும், ஆவியும் போகும்.

பிடிக்கும் குப்பி 40 மில்லிலிட்டர்தான். மூடிக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. உள்ளே சில சொட்டு அமிலம் இருக்கும், வழியில் நுண்ணுயிர்கள் மாசைத் தின்றுவிடாமல் தடுக்க.

15. ஆய்வகத்துல என்ன டெஸ்ட் கேட்கணும்?

4-வது பதிலில் சொன்ன நான்கும், நாப்தலீனும், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்கள் கார்பன் எண்ணிக்கை வாரியாகவும். டீசல் விற்ற இடமென்றால் பல வளைய ஹைட்ரோகார்பன்கள். எம்.டி.பி.இ. என்ற சேர்பொருள் கலந்த பெட்ரோல் விற்றிருந்தால் அதுவும். கழிவு ஆயில் தொட்டி இருந்த இடத்தில் உலோகங்களையும் குளோரின் சேர்ந்த கரைப்பான்களையும் சேருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பங்கென்றால் ஈயத்தோடு எத்திலீன் டைபுரோமைடையும் கேளுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈயம் எஞ்சினில் படியாமலிருக்க அந்தப் பெட்ரோலில் சேர்த்த பொருள் அது. மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு, தண்ணீரில் நெடுந்தூரம் போகும்.

16. சுத்தமான தண்ணியை ஊத்தி அனுப்புற குப்பிக்குக்கூட ஏன் டெஸ்ட்?

அந்தக் குப்பி களத்துக்கு வந்து, திறக்கப்படாமல், மற்றக் குப்பிகளோடு பெட்டியில் பயணித்துத் திரும்பும். அதில் பென்சீன் தெரிந்தால், மற்றவற்றில் தெரிந்ததும் வழியில் ஒட்டியதாக இருக்கலாம். பெட்ரோல் பங்கிலேயே நின்று மாதிரி எடுக்கும்போது, காற்றிலும் கையுறையிலும் பெட்ரோல் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. கருவியைக் கழுவிய கடைசித் தண்ணீர், ஒரே இடத்தில் எடுத்த இரட்டை மாதிரி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற படிவம் ஆகியவையும் இதே காரணத்துக்காகத்தான். நாளை வழக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது இவைதான்.

17. ரிப்போர்ட்ல 'கண்டறியப்படவில்லை'ன்னு போட்டிருக்கு. நிம்மதியா இருக்கலாமா?

பக்கத்தில் அளவீட்டு வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். ஆய்வகம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காண முடியாத முறையில் சோதித்திருந்தால், பென்சீனின் குடிநீர் அளவான 10 பற்றி அந்தச் சொல் ஒன்றுமே சொல்லவில்லை. வரம்பு அதைவிடக் கீழே இருந்து, கிணறு சரியாக அமைந்து, முந்தைய பதிலில் சொன்ன சோதனைகளும் ஒழுங்காக இருந்தால் நிம்மதியாகலாம், அன்றைய தேதிக்கு.

18. போன வருஷம் கிணத்துல எண்ணெய் மிதந்தது, இப்போ இல்ல. போயிடுச்சுன்னு சொல்லலாமா?

நீர்மட்டம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மட்டம் இறங்கும்போது எண்ணெயும் இறங்கி மண்ணில் பூசிக்கொள்ளும். மட்டம் ஏறும்போது அந்தப் பூச்சு தண்ணீருக்கடியில் சிக்கிவிடும். கிணற்றில் எதுவும் மிதக்காது. அடுத்த கோடையில் மட்டம் இறங்கியதும் மறுபடி வரும். ஈரக் காலம், வறண்ட காலம் இரண்டிலும் அளக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மண் மாதிரியை நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த முழு உயரத்திலும் எடுக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

19. இது எங்க எண்ணெயே இல்ல, எதிர்ல இருக்கிற பங்க்லேர்ந்து வந்தது. அதை நிரூபிக்க முடியுமா?

சில நேரம் முடியும். முதல் சாட்சி நீரோட்டம். உங்கள் நிலத்துக்குள் தண்ணீர் நுழையும் பக்கத்து எல்லையில் ஒரு கிணறு போட்டு, அங்கேயே மாசு அதிகமாகவும் உங்கள் டேங்க் பக்கம் குறைவாகவும் இருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. இரண்டாவது, எண்ணெயின் கைரேகை. பெட்ரோலா டீசலா என்பது ஆய்வக வரைகோட்டிலேயே தெரியும். பென்சீனும் டொலுவீனும் முதலில் கரைந்து போகும் என்பதால், எத்தில்பென்சீன், சைலீனோடு ஒப்பிடும்போது அவை குறைந்திருந்தால் பழைய கசிவு. எப்போதோ விற்பனையிலிருந்து போன ஒரு சேர்பொருள் இருந்தாலும் காலம் தெரியும்.

ஆனால் இரு பங்குகளும் ஒரே ஆலையின் எண்ணெயை ஒரே காலத்தில் விற்றிருந்தால் கைரேகை பிரித்துச் சொல்லாது. இரண்டும் கசிந்து, மாசுகள் கலந்திருக்கவும் கூடும். யார் காரணம் என்ற வழக்கு முடியும்வரை பக்கத்துக் கிணற்றுக்காரர் காத்திருக்கக் கூடாது. அவருக்கு மாற்றுத் தண்ணீர் முதலில் போகட்டும்.

20. நாங்க போர்த் தண்ணி குடிக்கிறதில்ல. அப்போ எங்களுக்கு ஆபத்து இல்லைதானே?

தண்ணீர் ஒரு வழிதான். ஆவி இன்னொன்று. மண்ணில் எழும் ஆவி தரையின் விரிசல் வழியே வீட்டுக்குள் வரலாம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு நல்ல குணம், ஆக்சிஜன் உள்ள சுத்தமான மண்ணில் ஒன்றிரண்டு மீட்டர் ஏறுவதற்குள் நுண்ணுயிர்கள் அதைப் பெரும்பாலும் தின்றுவிடும். அடித்தளத்துக்கு வெகு அருகிலேயே மிதக்கும் எண்ணெய் இருந்தாலோ, மேலே முழுக்கக் கான்கிரீட் மூடி ஆக்சிஜன் போகாமல் இருந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். அப்போது தரைக்கடியில் ஆவி மாதிரி எடுக்க வேண்டும்.

சாக்கடையும் கேபிள் குழிகளும் எல்லாவற்றையும்விட ஆபத்து. அவை மண்ணின் தடையே இல்லாத சுரங்கப் பாதைகள். 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில் அரித்துப்போன எரிபொருள் குழாயிலிருந்து பெட்ரோல் சாக்கடைக்குள் புகுந்து வெடித்தது. கிலோமீட்டர் கணக்கில் தெருக்கள் பிளந்தன, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது பங்க் அல்ல, பெருங்குழாய். ஆனால் அதே வழி ஒவ்வொரு பங்கின் வாசலிலும் புதைந்திருக்கிறது. சாக்கடை மூடியருகில் பெட்ரோல் வாடை வந்தால் ஆய்வாளருக்குக் காத்திருக்காமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

21. நுண்ணுயிரே தின்னுடும்னா, விட்டுடலாமே? எதுக்கு மெனக்கெடணும்?

கசிவை நிறுத்தி, மிதக்கும் எண்ணெயை எடுத்த பிறகு பல இடங்களில் இயற்கையே மீதியைக் குறைப்பது உண்மைதான். பென்சீன் மாசு பல பங்குகளில் நூறு மீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடுவதற்கு அதுவே காரணம். ஆனால் அது நடக்கிறது என்று காட்ட வேண்டும். மாசு உள்ள இடத்தில் கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட் குறைந்தும், கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியும் இருக்கும். பல பருவங்களில் பென்சீன் எண்கள் இறங்கியும் வர வேண்டும். இவை இல்லாமல் 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்பது வெறும் கைவிடல்.

எல்லாப் பொருளும் இப்படி அடங்காது. எம்.டி.பி.இ. தண்ணீரில் எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, மெதுவாகத்தான் சிதையும். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் 1996-இல் அதனால் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்து, தன் நீராதாரத்தில் ஏறக்குறைய பாதியை இழந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் வேறு சிக்கல்: நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பென்சீன் தன் முறைக்குக் காத்திருந்தபடி இன்னும் தூரம் போய்விடும்.

22. மூடின பங்க் இருந்த நிலத்தை வாங்கப்போறேன். டேங்கை எடுத்துட்டோம்னு சொல்றாங்க. போதுமா?

எடுத்தபோது குழியின் அடியிலும் நான்கு சுவர்களிலும் குழாய்ப் பள்ளத்திலும் மண் மாதிரி எடுத்த அறிக்கையைக் கேளுங்கள். மண்ணை நேரில் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான். அறிக்கை இல்லையென்றால் ஆய்வைப் புதிதாகத் தொடங்க வேண்டும், பத்திரம் பதிவதற்கு முன்பே. குழியை எந்த மண்ணால் நிரப்பினார்கள் என்பதையும் கேளுங்கள். களிமண் நிலத்தில் மணல் நிரப்பிய குழி ஒரு தொட்டியைப்போல மழைநீரைப் பிடித்து வைத்து, மிச்ச மாசை அதிலேயே ஊறவைக்கும்.

23. எல்லா எண்ணும் வரம்புக்குக் கீழே வந்துடுச்சு. கண்காணிப்புக் கிணறுகள்ல மண்ணைக் கொட்டி மூடிடலாமா?

இரண்டு விஷயம். சுத்திகரிப்புக் கருவிகள் ஓடும்போது எடுத்த எண்களை நம்பி மூடாதீர்கள். கருவியை நிறுத்தியதும் மண்ணில் ஒட்டியது மெல்லக் கரைந்து எண்கள் ஏறுவது வழக்கம். நிறுத்திய பிறகு 18-வது பதிலில் சொன்ன இரண்டு காலங்களையும் கடந்து பாருங்கள்.

மூடும்போது மண் கொட்டக் கூடாது. தளர்ந்த மண் நிரம்பிய குழாய், மேலே சிந்துவதை நேராக நீர்மட்டத்துக்குக் கொண்டுபோகும். சிறு குழாயை அடிவரை இறக்கி, சிமெண்டும் பென்டோனைட்டும் கலந்த கூழை அடியிலிருந்து மேலாக ஏற்றி அடைக்க வேண்டும். மேலே தளம் போட்ட பிறகு, ஒவ்வொரு கிணறும் இருந்த இடத்தை மதில் மூலையிலிருந்து அளந்து வரைபடத்தில் குறித்து, நிலத்தின் ஆவணங்களோடு வையுங்கள். அடுத்து அங்கே தோண்டுபவருக்கு அது கிடைக்க வேண்டும்.